எண்ணெயை அள்ளட்டும், மணலை அள்ள வேண்டாம்

கேள்வி: எங்கள் கடற்கரை பல ஆண்டுகளாக அரித்துக்கொண்டே வருகிறது. போன வாரம் கப்பலில் இருந்து கசிந்த எண்ணெய் ஒதுங்கியது. அரசு பொக்லைனை இறக்கி, மணலோடு சேர்த்து லாரி லாரியாக அள்ளுகிறது. அடுத்த கடல் சீற்றத்துக்குக் கரை தாங்குமா? நாங்கள் என்ன கேட்கலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அரிக்கும் கரையில் ஒவ்வொரு கூடை மணலும் கணக்கு. பருவச் சீற்றத்தில் அலை இழுத்துப்போகும் மணல் கடலுக்கு அடியில் திட்டாகக் கிடந்து, கடல் அமைதியான பிறகு பெரும்பகுதி கரையேறிவிடும். லாரியில் ஏறிய மணல் திரும்பாது.

முதலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டச் சொல்லுங்கள். அதிகாரியையும் பக்கத்தில் நிற்கவையுங்கள். எண்ணெய் எதுவரை இறங்கியிருக்கிறது என்பது குழியின் சுவரில் கறுப்புக் கோடாகத் தெரியும். ஈரமான பொடி மணலில் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்திருப்பதால், கெட்டி எண்ணெய் பெரும்பாலும் மேலேயே நிற்கும். கூழாங்கல் கரையில்தான் ஆழமாக இறங்கும். சில குழிகளில் மேலே வெள்ளை, நடுவே கறுப்பு, கீழே மறுபடி வெள்ளை என்றிருக்கும். எண்ணெய் ஒதுங்கிய பிறகு வந்த அலை அதன்மேல் மணலைப் போட்டு மூடியிருக்கிறது என்று பொருள்.

இனி கணக்கைப் பாருங்கள். 1 கிலோமீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள கரையில் 1 செ.மீ. வழித்தால் 200 கன மீட்டர் மணல் போகும். பொக்லைன் 30 செ.மீ. தோண்டினால் 6,000 கன மீட்டர். எண்ணெய் மேலாகவே நின்றிருந்தால், இரண்டிலும் வெளியேறும் எண்ணெய் ஒன்றுதான். போதாக்குறைக்கு, வண்டிச் சக்கரங்கள் மேலே கிடக்கும் எண்ணெயை உள்ளே அழுத்திவிடும். ஆகவே ஆட்கள் மண்வெட்டியால் மேலாக வழிக்கட்டும், தார் உருண்டைகளைச் சல்லடையில் சலித்து எடுக்கட்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். அரிக்கும் கரைக்கு அதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்ணெய் இன்னும் எட்டாத பகுதி இருந்தால், அங்குள்ள குப்பை, பாசி, கட்டைகளை இன்றே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். எண்ணெய் படிந்தபின் அவையும் நச்சுக் கழிவாகிவிடும்.

வழித்த பிறகும் கறை படிந்திருக்கும் மணலை, கடல் உள்வாங்கும் நேரத்தில் அலை உடையும் இடத்துக்குத் தள்ளிவிடலாம். அலையே கழுவித் தரும், மணலும் கரையிலேயே தங்கும். 1996-ல் 'சீ எம்ப்ரஸ்' கப்பல் விபத்துக்குப் பிறகு, வேல்ஸ் நாட்டின் ஆம்ரோத் கரையில் எண்ணெய் பிடித்த கூழாங்கற்களை இப்படித்தான் சுத்தம் செய்தார்கள். பிரிந்து மிதக்கும் எண்ணெயைப் பிடிக்க மிதவைத் தடுப்பு வேண்டும். முகத்துவாரம், சிப்பி விளையும் இடம் அருகில் இருந்தால் இந்த முறை வேண்டாம். கொதிநீரைப் பீய்ச்சலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 1989-ல் 'எக்ஸான் வால்டெஸ்' எண்ணெய் ஒதுங்கிய அலாஸ்காவில் அப்படிக் கழுவிய பாறைக் கரைகளில், எண்ணெய்க்குத் தப்பிய உயிர்களும் செத்தன.

மணல் குறைந்துவிட்டது, கல்சுவர் கட்டித் தருகிறோம் என்று பிறகு வருவார்கள். சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் காலடி மணலை அரிக்கும், பக்கத்துக் கரைக்கும் அரிப்பைத் தள்ளும். அதற்குப் பதில் எடுத்த அளவுக்கு மணலைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். உங்கள் மணலின் பருமனிலோ சற்றுப் பெரிதாகவோ இருக்க வேண்டும். பொடி மணல் சீக்கிரம் கரைந்துபோகும்.

செலவை யார் தருவது? டேங்கர் ஏற்றிவந்த எண்ணெய்க்கு 1992-ம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கையும், மற்றக் கப்பல்களின் எரிபொருளுக்கு 2001-ம் ஆண்டின் பங்கர் உடன்படிக்கையும் உண்டு. உங்கள் நாடு அவற்றில் சேர்ந்திருந்தால் கப்பல் உரிமையாளரிடம் கேட்கலாம். பலர் கவனிக்காத ஒன்று: மாசைத் தடுக்க எடுத்த நடவடிக்கையால் நேர்ந்த சேதத்துக்கும் இரண்டிலும் இழப்பீடு உண்டு. மணல் அள்ளியதால் வந்த பாதிப்பை அந்த வகையில் கோரலாம். சேதம் ஏற்பட்ட 3 ஆண்டுகளுக்குள், எப்படியும் விபத்து நடந்த 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

"இது பழைய அரிப்புதானே" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். அளவுக்கோடு போட்ட கம்பம் ஒன்றை நட்டு, தினமும் ஒரே இடத்தில் நின்று, தேதி தெரியும்படி படம் எடுங்கள். எத்தனை லாரி போனது என்று எழுதிவையுங்கள். நாளைக் காலை பொக்லைன் வருவதற்குள் அந்தக் கம்பம் நட்டாகியிருக்க வேண்டும்.