ஒளி தாங்குமா?

அன்புள்ள ஐயா,
செல்போன் கோபுரம் எட்டாத மலை ஊர்களுக்கு மேலே, 20 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு மெல்லிய பிரதிபலிப்பானைத் தரையிலிருந்து லேசர் பாய்ச்சி, ஒளி பட்டுத் தள்ளும் அழுத்தத்தாலேயே நிறுத்தி வைக்கலாமே? ராக்கெட்டும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். ஏன் யாரும் செய்யவில்லை?
கா.

அன்புள்ள கா.,

ஆசை நல்ல ஆசை தம்பி. ஆனால் பொறியியல் படிக்கிற பிள்ளை ஒரு பெருக்கல்கூடப் போட்டுப் பார்க்காமல் கடிதம் எழுதலாமா? ஒளியின் திறனை இரண்டால் பெருக்கி ஒளிவேகத்தால் வகுத்தால் விசை வந்துவிடும். ஒரு கிலோவைத் தாங்க 9.8 நியூட்டன் வேண்டும். அதற்கு 1,470 மெகாவாட், ராத்திரி பகல் விடாமல்.

மின்கட்டணத்தை விடுங்கள். சதுர மீட்டருக்கு 10 கிராம் படலம் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 14.7 மெகாவாட் விழும். அலுமினியப் பூச்சு அதில் பத்தில் ஒரு பங்கை விழுங்கினாலே, இருபுறமும் கரிபோல வெப்பத்தை உமிழ்ந்தாலும், 1,600 டிகிரி செல்சியஸ் எட்டிவிடும். அலுமினியம் 660-லேயே உருகும். 99.9 சதவீதம் பிரதிபலிக்கும் பூச்சு போடலாமே என்பீர்கள். போடுங்கள், சூடு அடங்கும். காற்றை என்ன செய்வீர்கள்? படலத்தைத் தூக்கும் ஒளி அழுத்தம் 0.1 பாஸ்கல். அந்த உயரத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் 4.5 பாஸ்கல் அளவு. படலம் கொஞ்சம் சாய்ந்தால் ஒளியின் விசையும் சாயும். கற்றையை விட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். 20 கிலோமீட்டர்தான் வேண்டுமென்றால் ஹீலியம் பலூன் போதும்.

ஒளி அழுத்தத்துக்கு உரிய இடம் காற்றில்லாத வெளி. எக்கோ 1 பற்றி நானே எழுத நினைத்திருந்தேன். 1960 ஆகஸ்ட் 12-இல் நாசா ஏவிய பலூன் அது: 30.5 மீட்டர் விட்டம், 12.7 மைக்ரான் மைலார் என்ற பிளாஸ்டிக் படலம், மேலே அலுமினியப் பூச்சு, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் உயரம். ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புவதுதான் அதன் முக்கிய வேலை. சூரிய ஒளி அதைத் தள்ளிய விசை மூன்று மில்லிநியூட்டன் சொச்சம், தரையில் மூன்றில் ஒரு கிராமின் எடை. நாள் முழுக்க, மாதக்கணக்கில் அது தள்ளியதில் சுற்றுப்பாதையின் வடிவமே மாறியது. பூமிக்கு மிக நெருங்கும் புள்ளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இறங்கியது. எடைக்கு எதிரே நிற்க முடியாத விசை, பாதையை இப்படி வளைக்கிறது!

நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் ஃபார்வர்டு 1993-இல் காப்புரிமை பெற்ற ‘ஸ்டேட்டைட்’டைப் படியுங்கள். சூரிய ஒளியின் அழுத்தத்தில் சாய்ந்து நிற்கும், கப்பல் பாய் போன்ற விண்கலம் அது. துருவத்துக்கு மேலே, வெகு தொலைவில். 60 பூமி ஆர தூரத்தில் ஈர்ப்பு 3,600-இல் ஒரு பங்காகிவிடும். அங்கும் கருவி, கம்பி எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 3.3 கிராமுக்கு மேல் போகக்கூடாது. பாயின் சாய்வைக் கணக்கிட்டால் அதிலும் குறைய வேண்டும். சிக்னல் போய்த் திரும்ப இரண்டரை நொடி ஆகும், போன் பேச்சுக்கு உதவாது. 2019-இல் பறந்த லைட்செயில் 2 என்ற சூரியப் பாய் விண்கலம் ஐந்து கிலோ, 32 சதுர மீட்டர்; சதுர மீட்டருக்கு 156 கிராம். அதில் எதையெல்லாம் கழற்றலாம், எந்தக் கம்பியை மெலிக்கலாம் என்று கணக்குப் போட்டு அனுப்புங்கள். வரிக்கு வரி பார்த்துத் திருத்தித் தருகிறேன்.