விறாந்தையில் நடக்கும் வேலை

கேள்வி: என் மகன் மருதனார்மடத்தில், யாழ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் சித்திரமும் வடிவமைப்பும் படித்தவன். இரண்டு வருடமாகப் பாடசாலையில் சித்திர ஆசிரியர். பின்னேரம் வந்தால் விறாந்தையில் ஒரு படத்தைச் சாத்தி வைத்துவிட்டுப் பார்த்தபடியே இருக்கிறான். கொப்பியில் ஏதோ எழுதுகிறான். நேற்றுக் கீறியதை இன்று அழிக்கிறான். இரண்டு மாதமாகியும் அந்தப் படம் முடியவில்லை. கேட்டால் “வேலை செய்யிறன் அம்மா” என்கிறான். அரசாங்க உத்தியோகம் கிடைத்த பிறகு இது என்ன வேலை? இனசனம் ஆசையாய்க் கேட்ட படத்தைக்கூடக் கீறிக் கொடுக்கிறான் இல்லை.
— வாசகி, சுன்னாகம்

பதில்: உங்கள் மகன் பொய் சொல்லவில்லை, அம்மா. அவர் வேலைதான் செய்கிறார். பார்க்கிறார், எழுதுகிறார், அழிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓவியர் ஒருவரின் நாளில் தூரிகை நிறத்தில் தோயும் நேரம் கொஞ்சம். மிச்சமெல்லாம் இந்த மூன்றும்தான்.

அக்றிலிக் நிறம் ஈரத்தில் ஒரு மாதிரி இருக்கும், காய்ந்தால் ஒரு படி கறுத்துவிடும். நீர்வர்ணம் இதற்கு மாறு, காயக் காய வெளிறும். பின்னேர வெயிலில் சரியாக இருந்த நீலம் இரவு ரியூப் லைற்றில் செத்துக் கிடக்கும். பள்ளிக்கூடமும் சாப்பாடும் முடிந்த பிறகு உங்கள் மகனுக்கு மிஞ்சும் பகல் வெளிச்சம் மூன்று மணித்தியாலம் வருமோ என்னவோ. நேற்றுப் பூசியது இன்று எப்படி நிற்கிறது என்று அந்த வெளிச்சத்தில் பார்க்காமல் அடுத்த பூச்சுக்குக் கை வைக்க முடியாது. படத்தை அவர் தலைகீழாகத் திருப்பி வைப்பதையும், போனில் கறுப்பு வெள்ளையாகப் பிடித்துப் பார்ப்பதையும் கண்டிருப்பீர்கள். நாளும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிழை தெரியாது. அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

அழிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோப்பாய்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர், வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து பிறகு விடுபட்ட தங்கள் வளவுக் கிணற்றைக் கீறிக்கொண்டிருந்தார். முதல்முறை நான் போனபோது கிணற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி இருந்தது. படம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்று கிழமை கழித்துப் போனால் கம்பியைக் காணவில்லை. “கம்பியைக் கண்டவுடன் எல்லாரும் ‘ஓ, இடப்பெயர்வு’ எண்டு சொல்லிப்போட்டு நகர்ந்துவிடுவினம். கிணத்தை ஒருத்தரும் பாக்க மாட்டினம்” என்றார். கம்பி இருந்த இடத்தில் இப்போது கிணற்றுக் கட்டின் விளிம்பு பெரிதாக வந்திருந்தது. அதில் வாளிக் கயிறு வருடக்கணக்காக உராய்ந்து தேய்த்த பள்ளம், ஒரு விரல் ஆழம். அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி நான் கனநேரம் நின்றேன். எங்கள் வீட்டுக் கிணற்றிலும் அது இருந்தது.

கம்பியை எடுக்க அவருக்கு மூன்று கிழமை பிடித்தது. அந்த மூன்று கிழமையும் அவர் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: இது நான் கண்டதா, யாழ்ப்பாணத்து ஓவியனிடம் மற்றவர்கள் எதிர்பார்ப்பதா? வெளியிலிருந்து வருபவர் எங்கள் பிள்ளைகளிடம் போரைக் கேட்கிறார். உள்ளூரில் முருகனையும், செத்துப்போன அப்பாவின் உருவப்படத்தையும் கேட்கிறோம். இரண்டுக்கும் நடுவில் தன் கண்ணால் கண்டதைக் காப்பாற்ற அவர்களுக்கு இருப்பது இந்த விறாந்தை நேரம் ஒன்றுதான்.

கேட்டுக்கொண்டிருப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். 2011இல் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் ஆக்கிய தோம்பு நூலைப் பாருங்கள். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த காணிப் பதிவேடு. அவருடைய நூலில் இருப்பவை, இடம்பெயர்ந்த 80 பேர் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறிக் கொடுத்த வரைபடங்களும் அவற்றோடு சேர்ந்த அவரது ஓவியங்களும். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு மனிசரின் கதையை இருந்து கேட்ட நேரம் இருக்கிறது.

உத்தியோகம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் இந்தக் கலை வளர்ந்ததே உத்தியோகம் பார்த்தவர்களின் மிச்ச நேரத்தில்தான். எஸ். ஆர். கனகசபை 1938இல் தொடங்கிய வின்சர் சித்திரக் கழகத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் சித்திர ஆசிரியர்கள். பிறகு ஓவிய ஆசிரியர் அ. மாற்கு, எங்கள் மாற்கு மாஸ்டர், முன்னின்று நடத்தியதற்குப் பெயரே விடுமுறைக்கால ஓவியர் கழகம். ஓவியம் விற்றுச் சீவிக்க இங்கே சந்தை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கொழும்பில் 1993 முதல் நடக்கும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தைக்குப் படங்களைப் பெட்ஷீற்றில் சுற்றிக்கொண்டு இரவு பஸ் ஏறுகிற பெடியள் இருக்கிறார்கள். வித்துப்போட்டு வருபவர் சிலர், அப்படியே திருப்பிக் கொண்டுவருபவர் பலர்.

கொப்பியை மட்டும் தயவுசெய்து குறைவாக நினைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபரில் போரால் வலிகாமம் முழுதும் வெளிக்கிட்டபோது கையில் எடுத்தது உடுப்பும் காணி உறுதியும். படங்கள் சுவரிலேயே நின்றன. மாற்கு மாஸ்டரின் ஓவியங்களிலும் பல அப்படித்தான் தொலைந்தன. அவர் என்ன யோசித்துக் கீறினார் என்று தேடுகிறவர் இன்று எஞ்சிய படங்களையும் மாணவர்களின் ஞாபகத்தையும் நம்ப வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் தன் யோசனையைத் திகதியிட்டு எழுதுகிறார் என்றால், அந்தக் கொப்பி காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைக்க வேண்டிய சாமான்.

இனசனத்துக்குப் படம் கொடுக்காததில் உங்களுக்கு மனவருத்தம். எனக்கு அதில் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நல்ல கன்வஸும் நிறமும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியது, நிறக் குழாயின் விலையும் அதோடு ஏறியது. ஆசிரியர் சம்பளத்தில் வாங்கிய அந்தக் குழாயை அவர் எண்ணி எண்ணிப் பிதுக்குகிறார். ஆசையாய்க் கேட்டவர்களிடம் அடுத்தமுறை நீங்களே விலை சொல்லுங்கள். தாய் சொன்னால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

“எப்ப முடியும்?” என்று அவரிடம் கேட்பதைக் கொஞ்சநாள் நிறுத்துங்கள். ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, நேற்று அழித்த இடத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். முதலில் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும், விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, மாரி வரப்போகிறது. படங்களை விறாந்தைச் சுவரோடு சாத்தி வைத்தால் கன்வஸின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும். உள் அறையில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரில் முட்டாமல் ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். ஐப்பசிக்கு முன்னம் அடித்துவிடுங்கள்.