காந்தம் தண்ணில இருக்கற விஷத்த எடுக்குமா?

கேள்வி: குழாய்ல மாட்டுற காந்தம்னு ஒண்ணு விக்க வந்தாங்க, நானோ டெக்னாலஜின்னு வேற சொன்னாங்க. நானோ துகள வச்சு தண்ணில இருக்கற ஆர்சனிக்ங்கற விஷத்த எடுக்கலாம்னு நானும் படிச்சிருக்கேன். ரெண்டும் ஒண்ணா சார்? (வாசகி, வேலூர்)

பதில்: இல்லம்மா, ரெண்டும் வேற. தண்ணில கரைஞ்சிருக்கற ஆர்சனிக்க காந்தம் நேரா இழுக்காது, அதனால குழாய்க்கு வெளிய எவ்ளோ காந்தம் மாட்டினாலும் அது அப்படியே உள்ள வந்துட்டுதான் இருக்கும். தயவுசெஞ்சு காசு குடுத்துடாதீங்க.

நீங்க படிச்சதுல மேக்னடைட்ங்கற இரும்பு ஆக்சைடு துகள தண்ணிலயே கலக்குறாங்க, ஆர்சனிக் போய் அது மேல ஒட்டிக்கும், அப்புறம் காந்தத்த கிட்ட வச்சா துகள் மொத்தமும் ஓரமா வந்து ஒதுங்கிடும், தெளிஞ்ச தண்ணிய வடிச்சுக்கலாம். 2006ல அமெரிக்காவுல ரைஸ் யுனிவர்சிட்டில விக்கி கோல்வினோட டீம் 12 நானோமீட்டர் துகள்ல (ஒரு நானோமீட்டர்னா ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) இத செஞ்சு காட்டினாங்க. அவ்ளோ பொடிசு சாதாரண காந்தத்துக்கு அசையாதுன்னுதான் அதுவரைக்கும் எல்லாரும் நெனச்சிருந்தாங்க, ஆனா காந்தம் கிட்ட வந்ததும் துகளுங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து வந்துருச்சு, எடுத்ததும் திரும்ப கலைஞ்சுருச்சு. எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இதுதான். வங்கதேசத்துல குழாய்க்கிணத்துத் தண்ணில ஆர்சனிக் கலந்து கோடிக்கணக்கான ஜனங்க மாட்டிக்கிட்டாங்க, நிறமும் இல்ல வாசனையும் இல்ல, காய்ச்சினாலும் போகாது. அவங்களுக்கு கரண்ட் இல்லாம ஒரு வழி கெடைக்கணும்ல.

கேள்வி: துகளுக்கு மேல கோட்டிங் எதுக்கு? (வாசகர், ஈரோடு)

பதில்: வெறும் மேக்னடைட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாகும், ஆசிட்ல கரையும். அதனால சிலிக்கா (மணல்ல இருக்கறது), கைட்டோசான் (இறால் ஓட்டுல இருந்து எடுக்கறது) மாதிரி ஏதாவது பூசுறாங்க. எத புடிக்கணுமோ அதுக்கேத்த பூச்சு, கந்தகம் இருக்கற பூச்சு போட்டா பாதரசம், ஈயத்தயெல்லாம் கெட்டியா புடிச்சுக்கும்.

லேப்ல சுத்தமான தண்ணில நல்லா வேல செய்யறது கிணத்துத் தண்ணில அதே அளவு செய்யாது, அங்க பாஸ்பேட்ங்கற உப்பு இருந்தா ஆர்சனிக்குக்குப் போட்டியா அதுவே எடத்த புடிச்சுக்கும். அதவிட பெரிய கவலை, துகள கழுவி எடுத்த ஆர்சனிக்க எங்க கொட்டுறதுங்கறது, குளத்தோரமா கொட்டினா திரும்ப கிணத்துக்குத்தான் போகும். இதுக்கு பதில் சொல்லாம யாராவது மெஷின் வித்தா நம்பாதீங்க.

இன்னொண்ணு, தண்ணில மொத்தமா எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர வச்சு ஆர்சனிக்க கண்டுபுடிக்க முடியாது, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, அவ்ளோ கொஞ்சம் அதுல தெரியாது. சந்தேகம் இருந்தா குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்ல தண்ணிய குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு அப்புறமா எத வாங்கறதுன்னு யோசிங்க.