பட்டாளத்துத் தாத்தா – கடிதமும் பதிலும்

அன்புள்ள டீச்சருக்கு,

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். பட்டாள உடுப்பில் ஒரு போட்டோவும் நட்சத்திர மெடல் ஒன்றும் இருக்கின்றன. பிராசோ பாலிஷ் போட்டுத் துலக்கியும் மெடலில் அவர் பெயரைக் காணவில்லை. கண்டி யுத்த மயானத்துக்குப் போய்ப் பார்த்தேன். கொமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலிலும் தேடினேன். எங்கும் இல்லை. அத்தை ஒருவர் எழுபதுகளில் இந்தியா போய்க் கோத்தகிரியில் இருக்கிறார். வயதாகிவிட்டது, அதனால் அவரிடம் கேட்கவில்லை. சேவைப் பதிவை எங்கே எடுப்பது? அது கிடைத்தால், மலையக மக்களும் இந்த நாட்டுக்காக இரத்தம் சிந்தியவர்கள், எங்களுக்கும் இங்கே உரிமை உண்டு என்று ஆதாரத்தோடு சொல்லலாம்.

க., நோர்வூட்

அன்புள்ள தம்பி,

மயானத்தில் தாத்தா இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இருந்திருந்தால் நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள் அப்பனே! அந்த ஆணையத்தின் பட்டியலில் இரண்டாம் போருக்கென்று இருப்பது 1939 செப்டெம்பருக்கும் 1947 டிசெம்பருக்கும் இடையில் இறந்தவர்களின் பெயர். உங்கள் தாத்தா திரும்பி வந்து, கலியாணம் முடித்து, உங்கள் அப்பாவைப் பெற்றவர்.

மெடலில் பெயர் இல்லாததும் பெரிய விஷயம் இல்லை. அந்தப் போரின் நட்சத்திரங்களை பிரிட்டிஷ் அரசு பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. ஆனால் நடுவில் மன்னரின் முத்திரையைச் சுற்றி எந்த நட்சத்திரம் என்று ஆங்கிலத்தில் இருக்குமே, அதை ஏன் எழுதவில்லை? எல்லா நட்சத்திரங்களுக்கும் ஆறு முனைதான். அந்த எழுத்தையும் ரிப்பனின் நிறத்தையும் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். பர்மா ரிப்பனில் நடுவே அகலமான சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்துக்குள்ளும் ஒரு செம்மஞ்சள் கோடு. இனிமேல் பிராசோவை அதன் கிட்டே கொண்டுபோனால் உங்களோடு பேச மாட்டேன்.

சேவைப் பதிவுக்கு முதலில் எந்தப் பட்டாளம் என்று தெரிய வேண்டும். பிரிட்டிஷ் இராணுவம் என்றால், அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சில் இருந்த பழைய கோப்புகள் 2022 முதல் லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்திய இராணுவம் என்றால் சிப்பாய்களின் தாள்கள் அந்தந்த ரெஜிமெண்டின் பதிவு அலுவலகத்தில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சப்பர்ஸ் என்ற பொறியியல் படைக்குப் பெங்களூர். பட்டாள நம்பர் இல்லாமல் வெறும் ராமசாமி என்று எழுதிக் கேட்டால் பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

என் ஊகம், அவர் இந்திய இராணுவத்தில் சேர்ந்தவர். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. இந்தியாவில் சொந்த ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பி வர முடியாமல் தவித்தார்கள். கையில் காசில்லாத இளந்தாரிக்குப் பட்டாளத்தில் ஆள் எடுப்பது காதில் விழாமலா இருந்திருக்கும்?

என் பெரியப்பா கதையும் அதுதான். உங்கள் கடிதம் வந்த நேரம் நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காக்கிக் கம்பளிக் கோட்டு ஒன்று வைத்திருந்தார். மார்கழிக் குளிரில் கவ்வாத்து வெட்டப் போகும்போது போட்டுக்கொள்வார். கேட்டால் நுவரெலியாவில் பழைய உடுப்புக்காரனிடம் வாங்கியது என்பார். அவர் கண்ணை மூடிய பிறகுதான் பெரியம்மா வாயைத் திறந்தார். இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கென்று வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். கலியாணம் ஆனவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 வருடமும், ஆகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இலங்கையில் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது. பெரியப்பா வருடக்கணக்கில் வெளியே இருந்தவர். டவுனில் மனு எழுதிக் கொடுத்தவர், "பட்டாளத்தைப் பற்றி மூச்சு விடாதே" என்றாராம். டிஸ்சார்ஜ் புத்தகம் அன்றைக்கே லயத்து வீட்டு அடுப்புக்குள் போய்விட்டது. கோட்டு மட்டும் தப்பியது, குளிருக்கு வேண்டுமே. அப்படியும் விண்ணப்பம் தள்ளுபடிதான். எட்டேகால் லட்சம் பேருக்காகப் போன விண்ணப்பங்களில் தேறியவர்கள் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேர் அளவில்தான். உங்கள் தாத்தாவும் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றால் அது அடக்கம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இரத்தம் சிந்திய ஆதாரத்தை யாரிடம் காட்டப் போகிறீர்கள்? 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம், உன் அப்பா எங்கே பிறந்தார் என்று கேட்டது. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டங்களில் போய்க் கேட்டது! பர்மாவில் யார் என்ன செய்தார்கள் என்று அதில் கேள்வியே கிடையாது. சட்டம் கேட்காத கேள்விக்கு முக்கால் நூற்றாண்டு கழித்து நீங்கள் பதில் தேடி அலைகிறீர்கள்.

பக்கத்து லயத்துப் பையனின் தாத்தா பட்டாளத்துக்குப் போகவில்லை. தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டினார், கொழுந்து மூட்டை சுமந்தார். அந்தப் பையனுக்கு இந்த மண்ணில் உரிமை ஒரு படி குறைவா? மெடல் இருக்கிற வீடு ஒசத்தி, இல்லாத வீடு மட்டம் என்று நாமே கோடு போட வேண்டுமா? போர்க் கணக்கு என்றாலும் கேளுங்கள். 1942இல் மலாயா ஜப்பானிடம் விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை ரப்பரில் பெரும் பங்கு இலங்கையிலிருந்துதான் போனது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பால் வெட்டச் சொன்னார்கள். பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் கோதுமை மாவில் ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டு வெட்டினார்கள் நம் ஆட்கள். அவர்களுக்கு எந்த ரெஜிமெண்ட், எந்த ரிப்பன்? பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றவர்களாகக் கிடந்தவர்களில் இந்தப் பிள்ளைகளும் இருந்தார்கள், பட்டாளத்தார் பிள்ளைகளும் இருந்தார்கள். உரிமைக்கு இரத்தக் கணக்குக் காட்டுகிறவன், அந்தக் கணக்கைக் கேட்கும் அதிகாரத்தையும் சேர்த்தே எதிராளிக்குக் கொடுக்கிறான். இதை எத்தனை மேடையில் சொன்னாலும் நம் இளைஞர்களுக்கு ஏறுவதில்லை. உங்களுக்காவது ஏறட்டும்.

அதற்காகத் தேடாதீர்கள் என்று சொல்லவில்லை. தாத்தா என்பதற்காகத் தேடுங்கள், அது போதும். வயதாகிவிட்டது, அதனால் அத்தையிடம் கேட்கவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதனால்தானே இன்றைக்கே கேட்க வேண்டும். போன் எடுத்த உடனே பட்டாளத்தை இழுக்காதீர்கள். கால் வலி எப்படி, பேரப்பிள்ளைகள் எப்படி என்று விசாரியுங்கள். அப்புறம், தாத்தா தலைமன்னார் வழியாக எப்போது திரும்பி வந்தார், கையில் என்ன கொண்டுவந்தார், குடும்பம் இந்தியா போனபோது பழைய டிரங்குப் பெட்டி யாரோடு போனது என்று கேளுங்கள்.

போட்டோவைச் சட்டத்திலிருந்து பக்குவமாகக் கழற்றுங்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ ஊர்ப் பெயரோ இருக்கலாம். தோள்பட்டையில் எழுத்து தெரிந்தால் அதையும் பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்புங்கள். வெலிங்டனுக்கா பெங்களூருக்கா என்று பார்த்து, கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.