திங்கட்கிழமைத் துணி

அன்புள்ள ஐயா,

நான்கு ஆண்டுகளாக இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், பர்ன்லியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 88 வயது. இதே தெருவில் பிறந்தவர். அவருடைய அம்மா பருத்தி ஆலையில் தறி ஓட்டியவர். சனிக்கிழமை தேநீர் நேரத்தில் சிறு வயதுக் கதைகள் சொல்வார். அவற்றைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பத்தி இது:

“திங்கட்கிழமை வந்தால் தெரு முழுக்க வெள்ளைத் துணிகள் கொடியில் பறக்கும். வறுமை இருந்தது, ஆனால் மகிழ்ச்சி இருந்தது. யாரும் கதவைப் பூட்டியதே இல்லை.”

இது வரலாறு ஆகுமா, வெறும் ஏக்கமா? எந்த வரலாற்று நூல்களை முதலில் படிக்க வேண்டும்? பாட்டிக்கு ஆண்டுகள் குழம்புகின்றன, அது குறையா? கைபேசியில் குரலைப் பதிவு செய்தால் போதுமா?

கே.

*

அன்புள்ள கே.,

நேற்று இரவு கடிதத்தைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். முதியவர்களிடம் எதைக் கேட்பது என்பதைத்தான் சில வாரங்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் தொட்டிருப்பது நல்ல வேலை, விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்த முதல் பத்தியை அடித்துவிடுங்கள். மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட உங்கள் பாட்டியுடையது இல்லை.

நூல்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போது படித்தால் அவற்றில் உள்ளதையே பாட்டியின் வாயிலிருந்து வரவழைப்பீர்கள். கைபேசி போதும், ஆனால் குரலோடு முகத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். தறிக்கூடத்தின் இரைச்சலில் நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் பெரிதாக்கிப் பேசிக்கொண்டார்கள், ‘மீ-மாயிங்’ என்பார்கள். அந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்தது. பாட்டியிடம் அதன் மிச்சம் ஏதாவது இருந்தால் ஒலிப்பதிவில் விழாது.

வரலாறு ஆகுமா என்று கேட்கிறீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டி பிறந்தது 1937 வாக்கில். பொதுமக்கள் பார்க்கத் திறந்துள்ள கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1921-ஆம் ஆண்டினுடையது, அப்போது அவர் இல்லை. 1931 கணக்கெடுப்பின் ஏடுகள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின. போரினால் 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1951 ஏடுகள் நூறாண்டுப் பூட்டுக்குள் இருக்கின்றன. நடுவில் 1939 செப்டம்பர் 29 அன்று போர்க்கால அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு ஒன்று உண்டு. அதில் இரண்டு வயதுக் குழந்தையாக ஒரு வரி அவருக்கு இருக்கும், ஆனால் அவர் உயிரோடு இருப்பதால் அதைக் கறுப்பாக மறைத்துத்தான் தருவார்கள். அந்தத் தெருவில் அவருடைய பிள்ளைப்பருவத்தைச் சொல்லும் எந்தக் கணக்கேட்டையும் இன்று உங்களால் திறந்து பார்க்க முடியாது. இருக்கிற ஏடு அவர்தான். அந்த ஏட்டில்தான் “வறுமை இருந்தது, மகிழ்ச்சி இருந்தது” என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்!

“யாரும் கதவைப் பூட்டியதே இல்லை” என்ற வாக்கியம் இங்கிலாந்தின் ஊர் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது. கார்ன்வாலிலும் சொல்வார்கள், டர்ஹாமிலும் சொல்வார்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. எல்லா ஊருக்கும் பொருந்துவது உங்கள் தெருவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கதவுக்குச் சாவி இருந்ததா? எங்கே தொங்கியது? வாடகை வாங்க வருகிறவர் முன்வாசலில் தட்டினாரா, பின் சந்து வழியாக வந்தாரா? வாடகைப் பணம் எந்தப் பாத்திரத்துக்கு அடியில் இருந்தது? இப்படிக் கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாட்டிமேல் பிரியம் இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. பிரியமுள்ளவர்கள் மேற்கொண்டு கேட்கக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தை விடுங்கள்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைத் துணிக்கு வருகிறேன்.

துணி எப்படிப் பறந்தது என்பதைப் பிறகு எழுதலாம். எப்படி வெளுத்தது என்று முதலில் கேளுங்கள். பின்கட்டின் மூலையில் செங்கல் கட்டி, அதில் பத்துப் பன்னிரண்டு கேலன், அதாவது 45 முதல் 55 லிட்டர் கொள்ளும் அண்டா ஒன்றைப் பதித்திருப்பார்கள். அதைக் ‘காப்பர்’ என்பார்கள். பெயர்தான் செம்பு, பல வீடுகளில் அது இரும்பு. அடியில் சிறிய அடுப்பு, மேலே மரமூடி. குழாய் இணைப்பு கிடையாது. வாளியால் ஊற்றி நிரப்ப வேண்டும், அகப்பையால் மொண்டுதான் காலி செய்ய வேண்டும். விடியுமுன் தீ மூட்டினாலும் கொதிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சீவிய சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு வெள்ளைத் துணியை இருபது நிமிடம் கொதிக்க விடுவார்கள். நம் வெள்ளாவி நினைவுக்கு வரலாம். ஆனால் வெள்ளாவியில் துணி வேகுவது ஆவியில், இங்கே நீருக்குள்ளேயே.

பிறகு டாலி டப் என்ற துத்தநாகத் தொட்டி. பக்கம் முழுக்க வரிவரியாக மடிப்பு இருக்கும், துணி அதில் உரசி அழுக்கு விடும். அதில் குத்த ‘பாசர்’ என்றொரு கருவி உண்டு, ஓட்டை போட்ட செம்பு மணியைக் கம்பின் நுனியில் கவிழ்த்து மாட்டியது போல. மேலும் கீழும் குத்தினால் மணிக்குள் அடைபடும் காற்று நீரைத் துணிக்குள் தள்ளி இழுக்கும். இன்னொன்று ‘டாலி’, கம்பின் அடியில் பொருத்திய சிறு முக்காலி. அதைக் குத்தக் கூடாது, அரைச் சுற்று இப்படியும் அரைச் சுற்று அப்படியும் திருப்ப வேண்டும். முழுச் சுற்றுச் சுற்றினால் போர்வை முக்காலியின் காலில் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். உங்கள் பாட்டி வீட்டில் இருந்தது பாசரா, டாலியா? இது சின்னக் கேள்வி என்று நினைக்காதீர்கள். பதில் சொல்லும்போது அவர் கை அசையும். அந்தக் கையைப் பாருங்கள்.

நீர் ஒன்றுதான், துணிதான் மாறும். முதலில் வெள்ளை, பிறகு வண்ணம், கடைசியில் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போகிறவர்களின் உடை. கம்பளித் துணியை இந்தக் கொதிநீரில் சேர்க்க மாட்டார்கள், சேர்த்தால் சுருங்கி அடுத்த பிள்ளைக்குத்தான் ஆகும்.

அடுத்தது நீலம். நம் வீடுகளில் ராபின் நீலம் போட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அதை விற்ற ரெக்கிட் நிறுவனம் இங்கிலாந்தின் ஹல் நகரில் தொடங்கியது. அன்றைய லங்காஷயரின் வடகோடியில் பேக்பேரோ என்ற சிற்றூரில் 1890-இல் ஏற்பட்ட ஆலை 1981 வரை ‘டாலி புளூ’ செய்தது. அங்கே வேலை செய்தவர்களின் தோலும் நீலமாக இருக்கும். அல்ட்ராமரீன் என்ற அந்த நீலம் நீரில் கரைவதில்லை, தூளாக மிதந்து மெல்லப் படியும். அதனால் துணியில் கட்டிய நீலக்கட்டியைக் குளிர்ந்த நீரில் பிழிந்து, கலக்கிய உடனே துணியை முக்கி எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் ஊற விட்டாலும் மடிப்பு மடிப்பாகத் திட்டு விழும். திட்டு விழுந்தால் வினிகர் கலந்த நீரில் அலசுவார்கள். அமிலம் பட்டால் அந்த நீலம் சிதைந்துவிடும்.

கஞ்சி போடுவதிலும் பிள்ளைகளுக்கு வேலை இருந்தது. மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் குழைத்து, தளதளவெனக் கொதிக்கும் நீரை ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். பால் நிறம் மாறிக் கண்ணாடி போல் தெளிந்தால் பதம். நீர் கொதிக்காமல் ஊற்றினால் பால் நிறத்திலேயே நிற்கும், மறுநாள் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு துணி தீயும். கெட்டிக் கஞ்சி காலருக்கு, நீர் சேர்த்தது மேசை விரிப்புக்கு, இன்னும் நீர்த்தது தலையணை உறைக்கு.

அப்புறம் மேங்கிள். இரும்புச் சட்டத்தில் இரண்டு மர உருளை, பக்கத்தில் சுற்றும் சக்கரம். நடுவே துணியைக் கொடுத்துப் பிழிவார்கள். பொத்தானை உள்பக்கம் மடித்துக் கொடுக்காவிட்டால் பொத்தான் நொறுங்கும். மறுபக்கம் வரும் துணியைப் பிடிப்பது பிள்ளை வேலை, விரல் நசுங்குவதும் பிள்ளைக்குத்தான். வேலை முடிந்ததும் மேலே உள்ள திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும். மறந்தால் உருளை அழுந்தி நடுவில் பள்ளமாகும், அடுத்த வாரம் துணியின் ஓரம் மட்டும் பிழியும், நடுவில் சொட்டும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், தான் பார்த்துச் செய்த ஒருவருக்கு எது கெட்டுப்போகும் என்று தெரியும். கேட்டுப் பெற்ற நினைவில் துணி எப்போதும் வெள்ளையாகத்தான் பறக்கும்.

சரி, அது திங்கட்கிழமைதானா? இங்கிலாந்தில் பொதுவாகத் துவைக்கும் நாள் திங்கள். ஞாயிறன்று வாட்டிய இறைச்சி மீதம் இருக்கும், குளிர்ந்ததை அரிந்து வைத்தால் அன்று சமையல் வேலை குறையும். ஞாயிறு நல்ல துணி உடுத்தியதால் பழைய துணி மொத்தமும் ஒதுக்கிக் கிடக்கும். பின் சந்தில் குறுக்கே கொடி கட்டியிருக்கும்போது நிலக்கரி வண்டி வந்தால் சண்டைதான். ஆனால் இதெல்லாம் பகலில் பெண் வீட்டில் இருக்கிற ஊருக்கு. பர்ன்லி நெசவு ஊர். அங்கே மணமான பெண்களும் தறிக்குப் போனார்கள், ஒருவர் நான்கு தறி பார்ப்பது வழக்கம். 1919 முதல் வாரத்துக்கு 48 மணி நேரம், சனிக்கிழமையும் அரை நாள், இது இரண்டாம் உலகப் போர் முடியும்வரை. உங்கள் பாட்டியின் அம்மா தறி ஓட்டியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் திங்கட்கிழமை காலையில் அந்த அண்டாவுக்கு யார் தீ மூட்டினார்கள்? பாட்டியின் பாட்டியா? காசு வாங்கிக்கொண்டு துவைத்த அண்டை வீட்டுக்காரியா? இரவு ஏழு மணிக்கு மேல் துவைத்து, அடுக்களைக் கூரையில் கயிற்றால் ஏற்றும் கொடியில் உலர்த்தினார்களா? பொதுச் சலவைக்கூடத்துக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்களா? 1832 காலராவின்போது லிவர்பூலில் கிட்டி வில்கின்சன் என்ற பெண் தன் வீட்டு அண்டாவை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டார். 1842-இல் அதே நகரில் பொதுச் சலவைக்கூடம் வந்தது, 1846-இல் அதற்கென்று சட்டமே வந்தது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய 25 அங்குல வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, ஒரு மைல் 25 அங்குலமாக விரியும். அருகில் அப்படியொரு கூடம் இருந்ததா என்று உங்கள் தெருவை அதில் வீடு வீடாகப் பார்க்கலாம்.

உங்கள் பத்தியில் இல்லாத, தீ மூட்டிய அந்த ஆள் யார் என்று தெரிந்தால் போதும். அந்த வீட்டின் வரலாற்றில் பாதி அவரிடம் இருக்கிறது.

ஆண்டுகள் குழம்புவது குறையே இல்லை. ஆண்டைக் கேட்காதீர்கள், சோப்பைக் கேளுங்கள். சோப்புப் பங்கீடு 1942 பிப்ரவரியில் தொடங்கி 1950 செப்டம்பர்வரை இருந்தது. நான்கு வாரத்துக்குத் தலைக்கு நான்கு கூப்பன், ஒரு கூப்பனுக்கு 4 அவுன்ஸ் துணிச்சோப்பு, அதாவது சுமார் 113 கிராம். அம்மா சோப்பின் கடைசிச் சில்லுகளைச் சேர்த்து ஜாடியில் கரைத்தது அவருக்கு நினைவிருந்தால் காலம் ஏறக்குறைய கிடைத்துவிட்டது. மிட்டாயைக் கேளுங்கள். 1949 ஏப்ரலில் பங்கீட்டை நீக்கினார்கள், கடைகள் காலியாகவே ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1953 பிப்ரவரியில்தான் கடைசியாக நீக்கினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நான்கு மாதம் மறக்காது. பனியைக் கேளுங்கள். 1947 ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை கொட்டியது. பள்ளி மூடியதா என்று அவர் சொல்வதைப் பள்ளிக் குறிப்பேட்டில் சரிபார்க்கலாம். 1860கள் முதல் தலைமையாசிரியர்கள் பனி, கக்குவான், வருகைக் குறைவு எல்லாவற்றையும் அதில் எழுதினார்கள். பிரெஸ்டனில் உள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அண்மைக் கால ஏடுகளில் தனிமனிதர் விவரம் இருப்பதால் கட்டுப்பாடு இருக்கும், நேரில் போய் நின்று ஏமாறாதீர்கள்.

பாட்டி சொன்னதும் ஏடு சொல்வதும் முரண்பட்டால் பாட்டியைத் திருத்தாதீர்கள். இரண்டையும் எழுதுங்கள், எது யார் சொன்னது என்று குறித்து. அவர் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வையுங்கள். கருவிகளின் பெயரை அவர் உச்சரித்தபடியே தமிழில் எழுதுங்கள், அடுத்த தெருவில் அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும்.

வரும் சனிக்கிழமை தேநீரோடு ஒரு பழைய துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேங்கிளுக்குள் எப்படி மடித்துக் கொடுப்பார்கள் என்று அவர் கையாலேயே மடித்துக் காட்டச் சொல்லுங்கள். பொத்தான் எந்தப் பக்கம் போனது, சக்கரத்தை யார் சுற்றினார்கள், மறுபக்கம் நின்றது அவரா, தம்பியா என்று கேளுங்கள். அதை எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.