பட்டறைக் கேள்வி - பதில்: பேரிங்கைக் கழற்றும் முன்

கேள்வி: கோத்தகிரியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலை ஃபேக்டரிகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. நாலு மாதமாக நீள ஷாஃப்டில் மட்டும் சேட்டர் (கடையும்போது எழும் அதிர்வு) அடித்து, மீன் செதில் மாதிரி வரி விழுகிறது. புஷ் சுத்தமாக வருகிறது. ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுற்றும் தலைப்பகுதி) பேரிங் போய்விட்டது என்கிறார் ஃபிட்டர். டிப்ளமோ படிக்கும் என் மகள், ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டில் அதிர்வை அளக்கும் எம்பியு-6050 சென்சாரை இணைத்து, டபுள் சைடு டேப்பால் டூலைப் பிடிக்கும் டூல்போஸ்டில் ஒட்டி அளந்தாள். திரையில் எண்கள் ஓடுகின்றன, ஒன்றும் பிடிபடவில்லை. அவள் எழுதிய புரோகிராமை இணைத்திருக்கிறேன்.
- வாசகர், கோத்தகிரி

பதில்: பேரிங்கில் கை வைக்காதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள். குன்னூரில் நான் பட்டறை நடத்தியபோது, இப்படித்தான் ஒருவர் சொன்னதை நம்பி ஹெட்ஸ்டாக்கைப் பிரித்தேன். பேரிங் மாற்றினேன், மூன்று நாள் வேலை நின்றது. மறுபடி ஓட்டினால் அதே வரி. ஷாஃப்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் குவில் (நீட்டும் தண்டு) அதிகமாக வெளியே நீட்டியிருந்ததுதான் காரணம். அன்று என்னிடம் அளக்க ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் அளக்கத் தெரிந்த பிள்ளை இருக்கிறாள்.

புரோகிராமைப் படித்தேன். ஒவ்வொரு அளவையும் 9600 பாட் வேகத்தில் உடனுக்குடன் திரைக்கு அனுப்புகிறாள். அந்த வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். மூன்று எண் கொண்ட அவளது வரி 20 எழுத்து. ஆக நொடிக்கு 48 அளவுதான் கிடைக்கிறது. எடுக்கும் அளவுகளின் எண்ணிக்கையில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வுதான் ஒழுங்காகத் தெரியும். 1440 ஆர்பிஎம் மோட்டாரே நொடிக்கு 24 சுற்று, அதுவே விளிம்பில் நிற்கிறது. 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை) அதிர்வு வந்தால் 2 ஹெர்ட்ஸ் என்று பொய் சொல்லும். சேட்டர் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸில் கத்துவது. நொடிக்கு 48 அளவில் அது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஏடிஎக்ஸ்எல்-345 என்ற சென்சார் வாங்கிக் கொடுங்கள். நொடிக்கு 3200 அளவு தரும், ஆனால் எஸ்பிஐ என்ற வயர் இணைப்பு முறையில் இணைத்தால்தான். ஐ-டூ-சி என்ற இன்னொரு இணைப்பு முறை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. ஊனோவின் நினைவகம் 2 கிலோபைட்தான், 1024 அளவு சேர்த்தாலே நிரம்பிவிடும். இஎஸ்பி-32 போர்டு எடுக்கட்டும். முதலில் 1024 அளவையும் சேர்த்துவிட்டு, சராசரியைக் கழித்து, பிறகு எஃப்எஃப்டி (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு அதிர்வு என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போடட்டும். நடுவில் திரைக்கு எதுவும் அனுப்பக் கூடாது. சராசரியைக் கழிக்காவிட்டால் புவியீர்ப்பின் 1 ஜி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

டேப் வேண்டவே வேண்டாம். அது மெத்தை மாதிரி, வேகமான அதிர்வை விழுங்கிவிடும். பெயின்டைச் சுரண்டி, எண்ணெய் போகத் துடைத்து, சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். ஸ்குரூ போட முடிந்தால் இன்னும் நல்லது. சென்சாரின் ஒரு அச்சு, டூலை ஷாஃப்டை நோக்கி நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு போகும் திசையில் இருக்கட்டும், வரி விழுவது அந்த ஆட்டத்தில்தான். வயரும் ஆடாமல் கட்டுங்கள். நம் ஊர் மூடுபனியில் பின்கள் பச்சை பூத்துவிடும், அதனால் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுவது அவசியம். இரும்புச் சுருள் விழுந்து ஷார்ட் ஆகாமலும் காக்கும்.

தை மாதக் காலைக் குளிரில் கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு அளங்கள். முதலில் காலி சக், அடுத்து ஷாஃப்ட் கடையும்போது. இரண்டையும் மூன்று ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) ஸ்பீடில் எடுங்கள். ஸ்பீடு கூடிய அதே விகிதத்தில் எஃப்எஃப்டி படத்தின் உச்சியும் நகர்ந்தால் ஸ்பிண்டிலோடு சுற்றும் ஏதோ ஒன்று: சக், பேரிங், கியர். காலியாக ஓடும்போதே ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் மோட்டாரைப் பாருங்கள். கடையும்போது மட்டும் எழுந்து, ஸ்பீடை மாற்றினாலும் ஏறக்குறைய அங்கேயே நின்றால் கடையப்படும் ஜாப்போ டூலோ தன் இயல்பான அதிர்வில் பாடுகிறது என்று அர்த்தம். அதுதான் சேட்டர்.

பேரிங் போயிருந்தால் புஷ்ஷிலும் தடயம் விழுந்திருக்கும். அதனால் உங்கள் விஷயம் மூன்றாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குவிலை உள்ளே இழுத்து, டூல் வெளியே நீட்டியிருக்கும் ஓவர்ஹேங்கைக் குறைத்து, நடுவில் ஷாஃப்டைத் தாங்கும் ஸ்டெடி ரெஸ்ட் கொடுத்து, ஸ்பீடை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

உங்கள் மகள் எடுக்கும் ஆறு படங்களையும் அனுப்பி வையுங்கள். ஏப்ரலில் இலை குவிந்து ஃபேக்டரிக்காரர்கள் வாசலில் நிற்கும் முன் முடித்துவிடலாம்.