பூமிக்கடியில் கரியமில வாயு: கலைஞருக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: தொழிற்சாலைக் கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் அடைப்பது பொறியாளர் வேலை. அதில் ஓவியர்களும் ஒலிக்கலைஞர்களும் 'கலை ஆய்வு' என்று இறங்கியிருப்பது வீண்செலவுதானே? (வாசகர், திருச்சி)

பதில்: வீண் இல்லை. அடியில் கிடக்கும் வாயுவை எந்தப் பொறியாளரும் கண்ணால் கண்டதில்லை. அவர் பார்ப்பதும் படம்தான். படத்தைக் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு அங்கே வேலை நிறையவே இருக்கிறது.

நார்வேயின் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலை எடுத்துக்கொள்ளுங்கள். வடகடலில், கடல் மட்டத்துக்குச் சுமார் 1,000 மீட்டர் கீழே, உட்சிரா மணற்பாறையில் 1996 முதல் கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். விளக்கப் படங்களில் பெரிய குகைக்குள் புகை நிற்பதுபோல் வரைகிறார்கள். அப்படிக் குகையே கிடையாது. மணல்மணிகளுக்கு நடுவே உப்புநீர் நிறைந்த நுண்துளைகளில்தான் வாயு புகுகிறது. அந்த அழுத்தத்தில் அது திரவம்போல் அடர்ந்துவிடும். தரையில் சுமார் 550 கன மீட்டர் பிடிக்கும் ஒரு டன், அங்கே ஏறத்தாழ ஒன்றரை கன மீட்டர்தான். 8.2 மீட்டரிலும் 1.15 மீட்டரிலும் மூங்கிலால் இரண்டு கனசதுரச் சட்டங்கள் கட்டி அருகருகே நிறுத்துங்கள். பத்துப் பக்க அறிக்கை சொல்லாததை அது சொல்லிவிடும்.

இன்னொன்று முக்கியம். வாயு செலுத்துமுன் 1994-லும், பிறகு 1999 முதல் பலமுறையும் கப்பலிலிருந்து ஒலி அனுப்பி, எதிரொலியைப் பதிந்து படமாக்கினார்கள். வாயு புகுந்த பாறையில் ஒலி மெதுவாகச் செல்லும். அதற்குக் கீழுள்ள அடுக்குகளின் எதிரொலி தாமதமாக வருவதால், படத்தில் அவை தொய்ந்து கிடப்பதுபோல் தெரியும். பாறை தொய்யவில்லை, நேரத்தை ஆழம்போல் வரைந்ததால் வந்த தோற்றம் அது. நிறங்களும் கணினியில் தேர்ந்தெடுத்தவை. மெல்லிய ஒன்பது வாயு அடுக்குகள் கண்ணில் பட வேண்டும் என்று செங்குத்து அளவையும் இழுத்திருப்பார்கள். இது தெரியாமல் அந்தத் தொய்வை அப்படியே சிற்பமாக வார்த்தால் பிழையைத்தான் வார்க்கிறோம். தெரிந்து, உண்மை அளவுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் அது ஆய்வு.

இருட்டறையில் 'ம்ம்' என்று ஓர் ஒலியை ஓடவிட்டுப் 'பூமியின் மூச்சு' என்று பெயர் வைப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் தவறாமல் விட்டுவிடுவது தோல்விகளை. நார்வேயின் ஸ்னோவிட் திட்டத்தில் 2008-ல் செலுத்தத் தொடங்கியதுமே கிணற்றருகே உப்பு படிந்து துளைகள் அடைபட்டன. கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் கரைசல் விட்டு அதைச் சரிசெய்தபின்னும் அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. பாறைக்குள் இருந்த தடுப்புகளால் வாயு பரவ இடமில்லை. 2011-ல் மேலே உள்ள வேறு அடுக்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஏறிக்கொண்டே போன அந்த அழுத்தக் கோட்டைத்தான் ஒலியாக்க வேண்டும். சுவரில் தொங்கவிட வேண்டும். இப்படி ஒரு கண்காட்சிக்குப் போனால், அந்தக் கோடு எங்கே என்று முதலில் கேளுங்கள்.